மறதியைத் தேடாதீர்கள், மந்தத்தைப் பாருங்கள்: எச்.ஐ.வி.யும் மூளையும்

"எல்லாமே மறந்துபோகுது டாக்டர்" என்று ஒருவர் தானாக வந்து, எந்தெந்த நாளில் எதையெதை மறந்தார் என்று வரிசையாகச் சொன்னால், அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது மனச்சோர்வையும் தூக்கக் குறைவையும்தான். எச்.ஐ.வி.யால் மூளை கணிசமாகப் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் அவ்வளவு முறையிடுவதில்லை. கூட வந்தவர்தான் பேசுவார். "கேட்டதுக்குப் பதில் சரியாத்தான் சொல்றாரு, ஆனா யோசிச்சு யோசிச்சு சொல்றாரு." "சட்டைப் பொத்தான் போட அவ்வளவு நேரம் ஆகுது." "எதுலயும் ஆர்வம் இல்ல, சும்மா உட்கார்ந்திருக்காரு." யோசனை மெதுவாகிறது, கை மெதுவாகிறது, ஆர்வம் வடிகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஏன் மறதியைவிட மந்தம் முந்திக்கொள்கிறது? வைரஸ் அதிகம் தங்குவது மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்கிலியா எனும் நரம்பு முடிச்சுகளிலும், மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்பொருளிலும். அல்சைமர் நோயில் புதிய நினைவு பதிவதே இல்லை. எடுத்துக்கொடுத்தாலும் திரும்பி வராது. இங்கே நினைவு உள்ளேதான் இருக்கிறது, எடுத்து வருவதில்தான் தாமதம். நான்கு சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்கும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டவரிடம் "அது ஒரு விலங்கு" என்றால் வந்துவிடும். கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலான பிறகு இந்தக் கோடு முன்போல அவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; திட்டமிடுவதிலும் கற்றுக்கொள்வதிலும் வரும் குறைகள் இப்போது அதிகம் கலந்து தெரிகின்றன. இருந்தாலும் முதல் கேள்வி "என்ன மறந்தீர்கள்" என்பதல்ல. "எந்த வேலைக்கு முன்பைவிட நேரம் அதிகமாகிறது" என்பதுதான்.

மதில் அல்ல, காவல் படை

1885இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடலெங்கும் சாயம் ஏறியது. மூளை மட்டும் வெளுத்தே கிடந்தது. மூளைக்குச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இல்லை போலும் என்று அவர் நினைத்தார். அவருடன் பணியாற்றிய எட்வின் கோல்ட்மன் 1913இல் அதே வகைச் சாயத்தை மூளைத் தண்டுவட நீருக்குள் செலுத்தினார். இப்போது மூளை நிறம் மாறியது, மற்ற உறுப்புகள் மாறவில்லை. அப்படியானால் நடுவே ஏதோ தடுக்கிறது. அந்தத் தடுப்பைத்தான் ரத்த–மூளைத் தடுப்பு என்கிறோம்.

தடுப்பு என்றதும் மதில் போல ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறோம். அது தனி உறுப்பு அல்ல. மூளைக்குள் ஓடும் நுண் ரத்தக் குழாய் ஒவ்வொன்றின் சுவருமே அந்தத் தடுப்புதான். உடலின் மற்ற இடங்களில் குழாய்ச் சுவர்ச் செல்களுக்கிடையே சிறு இடுக்குகள் இருக்கும். மூளையில் அந்தச் செல்கள் கிளாடின்-5, ஆக்லூடின் போன்ற புரதங்களால் பல்லோடு பல் கோத்தாற்போல் பூட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு வெளியே ஓர் அடித்தளச் சவ்வு. சவ்வுக்குள் பதிந்து குழாயைப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்கள். எல்லாவற்றுக்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட் செல்களின் பாதங்கள். இவை தவிர பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு இருக்கிறது. நுழைந்த வேண்டாத பொருளைப் பிடித்து மறுபடி ரத்தத்துக்கே தள்ளிவிடுவது அதன் வேலை. நஞ்சையும் மருந்தையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. எச்.ஐ.வி. மருந்துகள் சில மூளைக்குள் போதிய அளவு சேராததற்கு இந்தப் பம்பும் ஒரு காரணம்.

சரி, இவ்வளவு காவலையும் மீறி வைரஸ் எப்படி உள்ளே போகிறது? காவலரோடு காவலராகப் போகிறது. மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் இயல்பாகவே மூளைக்குள் போய்வர அனுமதி பெற்றவை. உள்ளே போனதும் ரத்தக் குழாயை ஒட்டி மேக்ரோபேஜ் செல்களாக மாறிக் காவல் காப்பவை. தொற்றுக்கு ஆளான மோனோசைட்டும் டி-செல்லும் வைரஸைச் சுமந்துகொண்டு அதே வாசலில் நுழைகின்றன. உள்ளே அழற்சி தொடங்கியதும் சி.சி.எல்.2 என்ற வேதிச் செய்தி வெளியே கசிகிறது. "இன்னும் ஆள் வேண்டும்" என்பது அதன் பொருள். இன்னும் மோனோசைட்டுகள் வருகின்றன, அவற்றோடு இன்னும் வைரஸ். வேலியே பயிரை மேய்கிற கதை.

இது நோய் முற்றிய பிறகு நடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தொற்று ஏற்பட்டு 8 நாட்களிலேயே தண்டுவட நீரில் வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் தெரிவதற்கு முன்பே வைரஸ் மூளையின் வாசலைக் கடந்திருக்கலாம் என்று அர்த்தம். சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நுழைந்த வைரஸ் நரம்பு செல்களைத் தொற்றுவதில்லை. தொற்றுவதற்குத் தேவையான சி.டி.4 என்ற பிடி அவற்றில் இல்லை. அது குடியேறுவது மைக்ரோக்ளியா எனும் மூளையின் சொந்தக் காவல் செல்களிலும், குழாயோரத்து மேக்ரோபேஜ்களிலும். ஆஸ்ட்ரோசைட்டுகளில் ஓரளவுக்கு மட்டும். அப்படியானால் நரம்பு செல் ஏன் சாகிறது? பக்கத்து வீட்டுத் தீயின் புகையால். தொற்றிய செல்கள் ஜி.பி.120, டாட் என்ற வைரஸ் புரதங்களை வெளியே விடுகின்றன. கூடவே டி.என்.எஃப்.-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களும் குவினோலினிக் அமிலமும் சுரக்கின்றன. குளூட்டமேட் என்ற செய்திப்பொருளை ஆஸ்ட்ரோசைட் உடனுக்குடன் துடைத்தெடுக்க வேண்டும், அது தடுமாறுகிறது. துடைக்கப்படாத குளூட்டமேட் நரம்பு செல்லை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்க, கால்சியம் உள்ளே புகுந்து இணைப்புக் கிளைகள் சுருங்குகின்றன. செல் சாவதற்கு வெகு முன்பே இணைப்புகள் குறைகின்றன. சிகிச்சை தொடங்கியதும் சிலர் வியக்கத்தக்க அளவு தேறுவதற்கு இதுவே காரணம்: செத்த செல் திரும்பாது, சுருங்கிய கிளை ஓரளவு துளிர்க்கும்.

இதே புரதங்கள் காவலையும் குலைக்கின்றன. டாட் புரதம் இறுக்க இணைப்புப் புரதங்களைக் குறைக்கிறது. அழற்சியில் பெருகும் எம்.எம்.பி.-9 என்ற நொதி அடித்தளச் சவ்வை அரிக்கிறது. குடலிலும் எச்.ஐ.வி. ஓர் ஓட்டையைப் போடுகிறது. அங்கிருந்து பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து, மூளைக் குழாய்ச் சுவரையும் எரிச்சலூட்டுகின்றன. மதுவும் மெத்தாம்பெட்டமைன் போன்ற போதைப்பொருள்களும் அதே தடுப்பைத் தளர்த்துபவை. குடிப்பழக்கத்தைப் பற்றி மூளை மருத்துவரும் கேட்பது ஒழுக்கம் பேசுவதற்காக அல்ல.

"வைரஸ் கண்டறிய முடியவில்லை" என்ற ரிப்போர்ட்டுக்குப் பிறகும்

1986இல் எய்ட்ஸ் நோயாளிகளிடம் இந்த மூளைப் பாதிப்பு தனி நோய்த்தொகுதியாக விவரிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் நோய் முற்றியவர்களில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேர் முழு அளவிலான அறிவுத்திறன் சிதைவுக்குப் போனார்கள். 1996இல் கூட்டு மருந்துகள் வந்த பின் அந்தக் கடுமையான வடிவம் அரிதாகிவிட்டது. அமெரிக்காவில் 1,500க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2010இல் வெளியான சார்ட்டர் ஆய்வில் கடுமையான சிதைவு சுமார் 2 சதவீதம்தான். ஆனால் லேசான குறைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஏதோ ஒரு குறை தென்பட்டது.

இந்த "பாதிப்பேர்" என்ற எண்ணை எடுத்துக்கொண்டு பயப்படுவதும் பயமுறுத்துவதும் தவறு. அதில் பெரும்பங்கு, அறிவுத்திறன் தேர்வில் மதிப்பெண் குறைந்தும் அன்றாட வாழ்வில் எந்தச் சிரமமும் இல்லாதவர்கள். பள்ளிப் படிப்பு குறைந்தவர், தேர்வு மொழி பழகாதவர், முந்தைய இரவு தூங்காதவர் எல்லோருமே அந்தத் தேர்வில் குறைவாக எடுப்பார்கள். மதிப்பெண்ணை மட்டும் வைத்து மூளைப் பாதிப்பு என்று முத்திரை குத்தக் கூடாது, அறிகுறியும் பிற ஆதாரமும் வேண்டும் என்ற கருத்து 2023இல் பன்னாட்டு நிபுணர் குழு வெளியிட்ட பரிந்துரையிலேயே வந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு பழியைச் சுமப்பவர் மேல் இன்னொரு பெயரை ஒட்டுவது சின்ன விஷயம் அல்ல.

பிறகு, மருந்து ஒழுங்காக எடுத்தும் ஏன் சிலருக்குக் குறை நிற்கிறது? மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று, சிகிச்சைக்கு முன்பே நடந்துவிட்ட சேதம். சி.டி.4 எண்ணிக்கை, அதாவது ரத்தத்தில் மீந்திருக்கும் எதிர்ப்பு செல்களின் கணக்கு, வாழ்நாளில் எவ்வளவு கீழே போனது என்பது இன்றைய எண்ணிக்கையைவிட முக்கியமான தகவல். அதனால் பழைய கோப்பைத் தேடி எடுப்பது வீண்வேலை அல்ல. இரண்டு, மருந்துகள் வைரஸ் புதிய செல்லைத் தொற்றுவதைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே மைக்ரோக்ளியாவின் மரபணுவில் ஒட்டிக்கொண்ட நகல் அவ்வப்போது புரதம் தயாரிப்பதை அவை நிறுத்துவதில்லை. மைக்ரோக்ளியா ஆண்டுக்கணக்கில் வாழும் செல் என்பதால் அந்தச் சின்னக் கசிவும் நீள்கிறது. மூன்றாவது, எச்.ஐ.வி.க்குச் சம்பந்தமே இல்லாத ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை. நடைமுறையில் இந்த மூன்றாவதில்தான் நம் கையில் செய்ய நிறைய இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

எவ்வளவு வேகமாக வந்தது?

எச்.ஐ.வி. உள்ளவருக்கு மூளை சம்பந்தமாக எதுவந்தாலும், ஸ்கேன் எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியது இது. குடும்பத்தார் "கொஞ்ச நாளா" என்பார்கள். அந்தக் கொஞ்ச நாளை நாட்காட்டியில் நிறுத்த வேண்டும். கடைசியாக நன்றாக இருந்தது எப்போது? ஒரு பண்டிகை, ஒரு சம்பள நாள், ஒரு கல்யாணம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள்.

நிமிடங்களில் வந்தால் பக்கவாதம் அல்லது வலிப்பு. நாட்களில் இருந்து ஓரிரு வாரங்களில் வந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்த நேரம் பார்த்து வரும் சந்தர்ப்பவாதத் தொற்று என்று எடுத்துக்கொண்டே நகர வேண்டும்: கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, காசநோய். வாரங்களாக மெல்ல ஏறினால் ஜே.சி. வைரஸ் தரும் வெண்பொருள் சிதைவான பி.எம்.எல்., மூளை லிம்போமா என்ற புற்றுநோய், தண்டுவட நீரில் வைரஸ் தப்பித்துப் பெருகுவது. மாதங்களாக, ஆண்டுகளாக நகர்ந்தால்தான் எச்.ஐ.வி.யின் நேரடிப் பாதிப்பு. இன்னொரு கறாரான விதி உண்டு. எச்.ஐ.வி. நேரடியாகத் தரும் பாதிப்பில் ஆள் மந்தமாக இருப்பார், ஆனால் விழிப்போடு இருப்பார். தூங்கித் தூங்கி விழுகிறார், எழுப்ப வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு நோய்; அன்றே மருத்துவமனை.

சி.டி.4 எண்ணிக்கை அடுத்த சல்லடை. 200க்குக் கீழே பி.எம்.எல்., 100க்குக் கீழே டாக்ஸோபிளாஸ்மாவும் கிரிப்டோகாக்கஸும், 50க்குக் கீழே சைட்டோமெகலோவைரஸ், மூளை லிம்போமா. காசநோய் மூளைக்காய்ச்சல் எந்த எண்ணிக்கையிலும் வரும், சிபிலிஸும் அப்படித்தான். சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை, பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, ஹெபடைட்டிஸ் சி ஆகியவற்றைப் பார்க்காமல் "எச்.ஐ.வி.யால்தான்" என்று எழுதி முடித்த சீட்டு அரைகுறைச் சீட்டு.

எம்.ஆர்.ஐ.யில் எச்.ஐ.வி.யின் சொந்தப் பாதிப்பு இரு பக்கமும் ஒரே மாதிரி, நீர் அறைகளைச் சுற்றி மங்கலாகத் தெரியும். மூளையும் சற்றுச் சுருங்கியிருக்கும். பி.எம்.எல். இரு பக்கமும் சமமில்லாமல், மூளை மேற்பட்டையின் அடிவரை ஓடித் திட்டுத் திட்டாகத் தெரியும், வீக்கம் இராது. டாக்ஸோபிளாஸ்மா வளையம் வளையமாக ஒளிரும், சுற்றிலும் வீக்கம். வளையங்களைக் கண்டு டாக்ஸோபிளாஸ்மாவுக்கு மருந்து தொடங்கினால் 10 முதல் 14 நாட்களில் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் லிம்போமாவா, காசநோய்க் கட்டியா என்று திசு எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மருந்தோடு ஸ்டீராய்டையும் சேர்த்துத் தொடங்குவது. ஸ்டீராய்டு லிம்போமாவையும் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். எந்த மருந்து வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போய், பயாப்சியும் தெளிவற்ற முடிவு தரும். மூளை அழுந்தும் அளவுக்கு வீக்கம் இருந்தால் மட்டுமே ஸ்டீராய்டு.

முதுகில் ஊசி: முன்கூட்டியே செய்ய வேண்டியவை

தண்டுவட நீர் எடுப்பது என்றதும் குடும்பம் பயப்படும். "முதுகுல ஊசி போட்டா கால் வராது" என்ற பேச்சு எங்கும் உண்டு. தண்டுவடம் முடிந்த பிறகு வரும் கீழிடுப்புப் பகுதியில்தான் ஊசி இறங்குகிறது. பெரியவர் உடலில் சுமார் 150 மில்லி தண்டுவட நீர் இருக்கிறது, நாளொன்றுக்கு சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது, நாம் எடுப்பது 10 முதல் 15 மில்லி. எண்களோடு சொன்னால் பயம் பாதி இறங்கும். ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பு, வலிப்பு, விழிப்புக் குறைவு இருந்தால் ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் ஊசி.

வீணாகப் போகும் ஊசிகளுக்குக் காரணங்கள் பெரும்பாலும் இந்த நான்குதான். அழுத்தம் அளக்காமல் நீரை மட்டும் பிடிப்பது முதல் தவறு. பக்கவாட்டில் படுத்து, கால்களை லேசாகத் தளர்த்தச் சொல்லிவிட்டு அளக்க வேண்டும். உட்காரவைத்து அளந்தால் அளவு பொய்யாக ஏறும். அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்கு மேல் இருந்து கிரிப்டோகாக்கஸ் உறுதியானால், நீரை எடுத்து அழுத்தத்தை 20க்குக் கீழே, அல்லது மிக அதிகமாக இருந்தால் பாதியாகக் குறைப்பதே சிகிச்சை. தலைவலிக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் பார்வை போகும், உயிரும் போகும். இரண்டாவது தவறு, அதே நாளில் ரத்தச் சர்க்கரையும் ரத்த வைரல் லோடும் (ரத்தத்தில் வைரஸின் அளவு) எடுக்காமல் விடுவது. ஒப்பிட இன்னொன்று இல்லாமல் தண்டுவட நீரின் எண் மட்டும் எதையும் சொல்லாது. மூன்றாவது, காசநோய்ச் சோதனைக்கு ஒரு மில்லி அனுப்பிவைப்பது. கிருமி மிகக் குறைவாக இருக்கும் நோய் அது; 6 மில்லிக்குக் குறையாமல் எடுத்து, சுழற்றி, அடியில் தங்கியதைச் சோதித்தால்தான் அகப்பட வாய்ப்பு. நான்காவது, தண்டுவட நீரில் வைரல் லோடு பார்க்க எல்லா ஆய்வகமும் ஒப்புக்கொள்வதில்லை. ஊசி போட்ட பிறகு கேட்பதைவிட முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது: எத்தனை மில்லி, எந்தக் குழாய், பனிக்கட்டியில் வைக்க வேண்டுமா, எத்தனை மணிக்குள்?

ரிப்போர்ட் வந்ததும் இன்னொரு பொறி. எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவரிடம் கிரிப்டோகாக்கஸ் இருந்தும் செல் எண்ணிக்கை, சர்க்கரை, புரதம் எல்லாம் ஏறக்குறைய இயல்பாக வரலாம். எதிர்த்துப் போராட ஆளே இல்லாததால் போரின் தடயமும் இல்லை. பூஞ்சையின் துணுக்கைத் தேடும் ஆன்டிஜென் சோதனை செய்யாமல் "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

கிரிப்டோகாக்கஸுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்த முறை பழையதைவிட எளிது: லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்கு 10 மி.கி. ஒரே ஒரு முறை, அதோடு 14 நாட்களுக்கு ஃப்ளூசைட்டோசின், நாளுக்கு 1,200 மி.கி. ஃப்ளூகோனசோல். இந்த நோயில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தால் கேடு என்பது சோதனையிலேயே தெரிந்துவிட்டது; காசநோய் மூளைக்காய்ச்சலில் அதே மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. எச்.ஐ.வி. மருந்தை இதுவரை தொடங்காதவர் என்றால் உடனே தொடங்கக் கூடாத அரிதான இடங்கள் இவை: கிரிப்டோகாக்கஸுக்கு 4 முதல் 6 வாரம், காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு 4 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். விழித்தெழும் எதிர்ப்பு சக்தி மூடிய மண்டையோட்டுக்குள் சண்டை தொடங்கினால் வீக்கத்துக்கு இடமில்லை.

தப்பித்த வைரஸ்

மருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை, ரத்தத்தில் வைரஸ் இல்லை, சி.டி.4 நன்றாக ஏறியிருக்கிறது. ஆனாலும் சில வாரங்களாகத் தலைவலி, தள்ளாட்டம், கை நடுக்கம், குழப்பம். "உங்கள் எச்.ஐ.வி. கட்டுப்பாட்டில் இருக்கிறது, மனப் பிரச்சினை" என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் இவர்கள்தான். தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தால் ரத்தத்தில் இல்லாத வைரஸ் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கலாம். தடுப்புக்கு உள்ளே மருந்து போதாமல், அங்கேயே எதிர்ப்புத்திறன் பெற்ற தனி வகை வளர்ந்திருக்கும்.

யாரிடம் சந்தேகிக்கலாம்? ஒரு காலத்தில் சி.டி.4 மிகக் கீழே போனவர். முன்பு மருந்து தோல்வியடைந்து அட்டாசனாவிர் போன்ற இரண்டாம் கட்ட மருந்துக்கு மாறியவர். லாமிவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு எதிர்ப்பு ஏற்கெனவே பதிவானவர். செய்ய வேண்டியது தண்டுவட நீரின் வைரஸிலேயே மருந்து எதிர்ப்புச் சோதனை செய்து, அதற்கேற்ப, மூளைக்குள் நன்றாகச் சேரும் மருந்துகளாக மாற்றுவது. சரியாகப் பிடித்தால் பல வாரங்களில் நல்ல மாற்றம் தெரியும்.

இங்கே மருந்துகளின் மூளை ஊடுருவல் மதிப்பெண் பற்றிப் பேச்சு வரும். 2008இல் அறிமுகமான அந்த அட்டவணையில் டெனோஃபோவிர் கீழ்ப்படியில், ஸிடோவுடின் மேல்படியில். கணக்கு கவர்ச்சியானது. ஆனால் தண்டுவட நீரில் இருக்கும் அளவும் மூளைத் திசுவுக்குள் இருக்கும் அளவும் ஒன்றல்ல. நன்றாகக் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மருந்தை மாற்றியதால் அறிவுத்திறன் கூடியது என்று நிரூபணமாகவில்லை. எனவே, இணையத்தில் அட்டவணையைப் பார்த்துவிட்டு "எனக்கும் மாற்றுங்கள்" என்று கேட்பவரிடம் பொறுமையாக மறுக்க வேண்டும். பரவலாகத் தரப்படும் எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் ரத்தத்தில் 99 சதவீதம் புரதத்தோடு ஒட்டியே கிடக்கும். ஒட்டாத மீதியின் அளவுக்குத் தண்டுவட நீரிலும் சேர்ந்துவிடுகிறது, பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

மருந்தே மூளையைத் தொந்தரவு செய்யும்போது

டோலுடெக்ராவிர் தூக்கத்தைக் கெடுத்தால் முதலில் செய்ய வேண்டியது, இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றுவது. எஃபாவிரென்ஸ் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்து நேர்மாறு: வெறும் வயிற்றில், படுக்கப் போகும்போது. கொழுப்புச் சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் அளவு கூடி, கனவும் கிறுகிறுப்பும் கூடும். அந்த மருந்தை மெதுவாகக் கழிக்கும் மரபணு உள்ளவர்களுக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூடத் தள்ளாட்டமும் குழப்பமும் வருவதுண்டு. மருந்தை மாற்றினால் தெளியும். நீண்ட நாள் எஃபாவிரென்ஸ் எடுப்பவர் நடை தடுமாறினால் மருந்துச் சீட்டையும் சந்தேகப் பட்டியலில் வைக்க வேண்டும்.

வலிப்பு வந்தவருக்கு பெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன் எழுதுவது பழக்கதோஷம். இவை மூன்றும் கல்லீரலை முடுக்கி டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். லெவெட்டிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து அந்த வம்புக்குப் போகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும் நாட்களில் டோலுடெக்ராவிர் 50 மி.கி. நாளுக்கு இரு வேளை. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையும் டோலுடெக்ராவிரையும் ஒன்றாகச் சாப்பாட்டோடு எடுத்தால் பரவாயில்லை. வெறும் வயிற்றில் என்றால் டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ. வயிற்றெரிச்சலுக்கான மெக்னீசியம், அலுமினியம் கலந்த மருந்துக்கு எப்போதுமே இந்த இடைவெளி தேவை. நெஞ்செரிச்சல் டானிக் ஒரு நல்ல மருந்தைக் கெடுத்துவிடுவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் யாரும் கேட்பதும் இல்லை.

ஐந்து நிமிடச் சோதனை

முதியோரிடம் வழக்கமாகக் கேட்கும் "இன்று என்ன தேதி, இது எந்த ஊர்" வகைக் கேள்விகள் இங்கே உதவாது. மந்தத்தை அவை அளப்பதில்லை. பன்னாட்டு எச்.ஐ.வி. டிமென்ஷியா அளவுகோல் என்ற சிறு சோதனை 2005இல் வந்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், கருவியும் வேண்டாம், நொடி காட்டும் கடிகாரம் போதும்.

முதலில் நாய், தொப்பி, பீன்ஸ், சிவப்பு என்று நான்கு சொற்களை நொடிக்கு ஒன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அடுத்து, பழக்கமில்லாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து விரித்து, முடிந்த வேகத்தில் 5 நொடி தட்டச் சொல்லுங்கள். 15 தட்டினால் 4 மதிப்பெண், 11–14க்கு 3, 7–10க்கு 2, 3–6க்கு 1. பிறகு அதே கையால் மேசை மேல் முட்டி மடக்குதல், உள்ளங்கையை விரித்து வைத்தல், கையைச் சுண்டுவிரல் பக்கமாக நிமிர்த்தி வைத்தல் என்ற மூன்று அசைவுகள். இரண்டு முறை பழகவிட்டு, 10 நொடியில் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். 4 சுற்றுக்கு 4 மதிப்பெண், குறையக் குறைய ஒவ்வொன்று கழியும். கடைசியில் அந்த நான்கு சொற்கள். தானாகச் சொன்னதற்கு 1, எடுத்துக்கொடுத்த பின் சொன்னதற்கு அரை. மொத்தம் 12. பத்தும் அதற்குக் கீழும் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். நோய் உறுதி என்று பொருளல்ல. கைநரம்பு எரிச்சல், மூட்டுவலி, பயம் எல்லாம் மதிப்பெண்ணைக் குறைக்கும். விரலில் பழைய காயம் உண்டா என்று கேட்க மறந்துவிட்டு மூளையைக் குறை சொல்வதும் நடக்கிற காரியம்தான்.

உறுதியான குறை இருப்பவர் வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. மாத்திரையை நாள்வாரிப் பெட்டியில் பிரித்து, பல் துலக்கும் இடம் போலத் தினமும் கை போகும் இடத்தில் வைப்பது. அலாரம் அடிக்கும்போது எழுந்து போய்ப் போடும் தூரத்தில் மாத்திரை இருந்தால் நடுவில் மறந்துபோகும். அலாரமும் பெட்டியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே பேச்சு, ஒரே வேலை. கேள்வி கேட்டுவிட்டுப் பதினைந்து நொடி சும்மா இருக்கக் குடும்பத்தாரைப் பழக்குவது எந்த மருந்தைவிடவும் வீட்டுச் சண்டையைக் குறைக்கும். பதில் வரும், முந்திக்கொண்டு நாம்தான் அதைக் கொன்றுவிடுகிறோம். ஆர்வமின்மையைச் சோம்பல் என்று திட்டுபவர்களுக்கு அது நோயின் பங்கு என்பதை ஒருமுறையாவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். வாகனம் ஓட்டுவது பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். திடீர் பிரேக்குக்குத் தேவையான அந்த அரை நொடிதான் இந்த நோய் முதலில் தின்னும் அரை நொடி.

சோதனையை ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ திரும்பச் செய்யும்போது அதே கை, நாளில் ஏறக்குறைய அதே நேரம், முடிந்தால் சோதிப்பவரும் அதே ஆள். மதிப்பெண்ணோடு அன்றைய தூக்கம், எடுத்த மாத்திரைகள், சி.டி.4, வைரல் லோடு ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கோப்பின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். 11 எடுத்தவர் 9க்கு இறங்கியிருந்தால் அந்தத் தாள் இல்லாமல் யாருக்கும் தெரியப்போவதில்லை.